மக்கும் பைகள் கிடங்கிலேயே வலுவிழப்பது ஏன்?

கேள்வி: மார்ச்சில் வாங்கிய மக்கும் கேரி பேக், ஆடித் தள்ளுபடிக்குப் பிரித்தால் கைப்பிடியிலேயே கிழிகிறது. போலிச் சரக்கா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தப் பைகள் பெரும்பாலும் பிபிஏடி என்ற பாலியெஸ்டரோடு ஸ்டார்ச்சோ (மாவுச்சத்து), பிஎல்ஏ என்ற தாவரச் சர்க்கரையிலிருந்து வரும் பாலியெஸ்டரோ கலந்து செய்தவை. பாலியெஸ்டரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் அறுக்கும். அதற்கு மண்ணும் நுண்ணுயிரும் வேண்டியதில்லை, காற்றின் ஈரமே போதும். வெப்பம் ஏற ஏற வேகமும் ஏறும். போதாக்குறைக்கு, அறுபடும் முனைகளில் உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பும் அறுபட வழிசெய்யும். தகரக் கூரைக்கு அடியில் ஏப்ரல், மே மாதங்களைக் கழித்த சரக்கென்றால் என் சந்தேகம் முதலில் கிடங்கின்மேல்தான்.

விரலகலப் பட்டை ஒன்றை வெட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பை நன்றாக நீண்டு, மெலிந்து, பிறகே அறும். கெட்டது நீளாமலேயே பட்டென்று அறும். பெரும்பாலும் நீளும் தன்மைதான் முதலில் போகும், ஆகவே கிழிய ஆரம்பிக்கும் முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது. அந்தக் கட்டில் உள்ள பைகளைக் கனமான சாமானுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ச் ஃபிலிம் மழைக்காலத்தில் தொளதொளக்கிறது, ஏசி அறையில் நொறுங்குகிறது.

பதில்: இது வேறு கதை. ஸ்டார்ச் ஈரத்தை உறிஞ்சினால் இளகும், இழந்தால் விறைக்கும். இரண்டுமே ஓரளவு மீளும். ஆய்வகத்திலும் ஃபிலிமை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 40 மணி நேரம் வைத்த பிறகே இழுத்துச் சோதிப்பார்கள். நீங்களும் ஓரிரு நாள் மிதமான அறையில் வைத்துவிட்டு மெஷினில் ஏற்றுங்கள். ஆனால் மாதக்கணக்கில் கிடந்தால் ஆறிய சோறு விறைப்பதுபோல ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி அடுக்காகிவிடும். அந்த விறைப்பு ஈரத்தால் முழுக்கத் தீராது.

கேள்வி: பிஎச்பி ஃபிலிமை இருட்டில், உலர்வாகத்தான் வைத்தோம். ஆனாலும் நொறுங்குகிறதே?

பதில்: உங்கள் மேல் தவறில்லை. பிஎச்பி என்பது நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஒரு பாலியெஸ்டர். அதன் கண்ணாடிநிலை வெப்பம், அதாவது எதற்குக் கீழே போனால் சங்கிலிகள் அசையாமல் உறையுமோ அந்த வெப்பநிலை, 0 டிகிரியை ஒட்டியது. எனவே அறை வெப்பத்திலும் சங்கிலிகள் அசைந்து மேலும் படிகமாகிக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஃபிலிம் நொறுங்குகிறது. அடுத்த முறை, சங்கிலியில் வேலரேட் என்ற வேறொரு கண்ணியும் கலந்த பிஎச்பிவி கேளுங்கள், வேலரேட் அளவு கூடினால் நொறுங்கும் தன்மை குறையும்.

கேள்வி: பிஎல்ஏ சுருளைக் குளிர் அறையில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அவசியமில்லை. வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்தால் பனி வேர்த்து ஈரம் ஏறும். அறைச் சூடு வந்தபின் பிரியுங்கள். வெயிலில் நிற்கும் மூடிய லாரிதான் பெரிய ஆபத்து. 55 முதல் 60 டிகிரியில் பிஎல்ஏ இளகிச் சுருளே கோணிவிடும்.

கேள்வி: எத்தனை மாதம் தாங்கும்?

பதில்: தயாரிப்பாளர்கள் பலர் சுமார் ஓராண்டு என்பார்கள். அது குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத கிடங்குக்கான கணக்கு. நம் ஊர்க் கிடங்குக்கு மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். தயாரிப்புத் தேதியைப் பார்த்துப் பழையதை முதலில் எடுங்கள், மிச்சத்தை உறையோடு கட்டி வையுங்கள்.