பிளஸ் டூ படிக்கும் மகனுக்குப் பொருந்தும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் எப்படி உதவலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: மகன் அம்பாசமுத்திரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் வழியில், உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப்பில் பிளஸ் டூ படிக்கிறான், மதிப்பெண் சுமாருக்கு மேல், எந்தக் கல்லூரி வேண்டும் என்று கேட்டால் "தெரியல" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை, உறவினர்களோ கோயம்புத்தூர், சென்னை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நான் கல்வியாளன் அல்லன். பிளஸ் டூ வரை படித்துவிட்டுச் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருப்பவன். ஆனால் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை என் மகனுக்குத் தவறாகச் செய்தேன். இரண்டாம் முறை என் தங்கை மகளுக்கு ஓரளவு சரியாகச் செய்தேன் என்று நம்புகிறேன்.

2014-இல் என் மகன் பிளஸ் டூ முடித்தபோது, மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரத்திலேயே, அட்மிஷன் பார்த்துக் கொடுக்கும் ஆள் ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். பொறியியல் கலந்தாய்வுக்கு அப்போது சென்னைக்கே போக வேண்டியிருந்தது. "அவ்வளவு தூரம் எதுக்கு அண்ணாச்சி, நம்ம கல்லூரில சீட்டு ரெடியா இருக்கு" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் அவனைச் சேர்த்தேன். கல்லூரியை நான் பார்த்தது பணம் கட்டப் போன அன்றுதான். அவன் பார்த்தது பெட்டியோடு போன அன்று. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் பட்டதாரியே கிடையாது. கலந்தாய்வு வழியாகப் போயிருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கும் என்பதும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது கிடையாது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அவன் சிறு வயது முதலே கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை; ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் அவனுக்காகவே பாடத்தை ஐந்து நிமிடம் முன்னதாக முடிப்பார் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லூரியிலோ எழுந்து கேள்வி கேட்பதே ஒழுங்கீனம். கேட்டவனை வெளியே நிறுத்துவார்கள். தாமதத்துக்கு அபராதம், முடி வெட்டாததற்கு அபராதம், பேருந்தில் பேசினால் அபராதம். அப்படிப்பட்ட கட்டுப்பாடு சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறது. அவனோடு சேர்ந்த பக்கத்துத் தெருப் பையன் அங்கேயே நன்றாகப் படித்து முடித்தான். என் மகனுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் பதினொரு அரியரோடு வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று கல்லூரி சொல்லிவிட, நகைக்கடன் வாங்கி மீட்டேன். பின்பு பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்து, இப்போது தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறான். படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று என் மனைவி இன்றும் குறைபட்டுக்கொள்வாள். அவன் முகத்தில் சிரிப்பு திரும்பிவிட்டதால் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எனவே உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது: கல்லூரிகளின் பட்டியலை எடுப்பதற்கு முன்னால், உங்கள் மகன் எப்படிப்பட்ட இடத்தில் படிக்கிற பிள்ளை என்பதைப் பாருங்கள். "என்ன ஆகப்போகிறாய்" என்ற கேள்விக்குப் பதினேழு வயதில் "தெரியல" என்பதுதான் நேர்மையான பதில். அதைவிடச் சின்னக் கேள்விகளுக்கு அவனிடம் பதில் இருக்கும். தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடுமா, நான்கு பேரோடு சேர்ந்தால் ஓடுமா? விடுதிச் சாப்பாட்டில் நாலு நாள் தாங்குவானா? ஆங்கிலத்தில் பாடம் நடந்தால் முதல் ஆறு மாதம் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பான்? யாரும் சொல்லாமல் எந்த வேலையைத் தானாகச் செய்கிறான்?

என் தங்கை மகள் விஷயத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் வழி காட்டியது. வீரவநல்லூர்ப் பக்கம் அவர்கள் ஊர். தங்கை பீடி சுற்றுகிறாள். கடையில் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுத்து, இவ்வளவுக்கு இத்தனை பீடி வர வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். வாரத்துக்கு வாரம் பிடித்தம் ஏறிக்கொண்டே போனபோது, பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, எந்தத் தேதியில் வந்த இலை, எடை எவ்வளவு, கிழிசலும் ஓட்டையுமாகச் சுளவில் ஒதுக்கியது எவ்வளவு, தேறிய பீடி எத்தனை என்று மூன்று மாதம் எழுதி வைத்திருந்தாள். குறை அம்மாவின் கையில் இல்லை, இலையில்தான் என்பது அந்த நோட்டைப் புரட்டினால் எவருக்கும் விளங்கும். இத்தனையும் செய்தவளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், அவளும் "தெரியல மாமா" என்றுதான் சொன்னாள். வீட்டில் நர்சிங் என்றார்கள், அடுத்த வீட்டில் பொறியியல் என்றார்கள். கணக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

2022-இல் அவள் பிளஸ் டூ படித்தபோது, காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அவளைக் கல்லூரிகளுக்கு அழைத்துப் போனேன். அந்த நேரத்தை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். மதிப்பெண் வந்த பிறகு மே, ஜூன் மாதங்களில் போனால், கல்லூரி தன்னை அலங்கரித்துக்கொண்டு நிற்கும். பிள்ளைக்கும் பதற்றம், நமக்கும் பதற்றம். காலாண்டு விடுமுறையில் பள்ளிக்குத்தான் விடுப்பு. ஆயுத பூஜை போன்ற நாட்களைத் தவிர்த்துவிட்டால் கல்லூரிகள் வழக்கம்போல் நடக்கும். அவள் நாளைக்கு எப்படிப் போவாளோ அப்படியே போக வேண்டும் என்பதற்காக, வீரவநல்லூரில் செங்கோட்டை ரயிலைப் பிடித்துக் காருகுறிச்சி, சேரன்மகாதேவி தாண்டிப் பேட்டையில் இறங்கி நடந்தோம். இன்னொரு நாள் பேருந்தில் பாளையங்கோட்டை வரை நின்றுகொண்டே போனோம்.

முதலில் பார்த்த கல்லூரியில் எங்களை வரவேற்க யாரும் இல்லை. வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், மதியம் வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த இரண்டாம் ஆண்டுப் பெண்ணிடம், "அக்கா, இங்க சந்தேகம் கேட்டா திட்டுவாங்களா?" என்று தங்கை மகள் கேட்டாள். "மேத்ஸ்ல ஒரு மிஸ் இருக்காங்க, நமக்கு ரயிலுக்கு நேரமாவுற வரைக்கும் சொல்லித் தருவாங்க. லேப்ல கம்ப்யூட்டர்தான் பாதி ஓடாது" என்று அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பிறகு தங்கை மகள் தானாகவே எழுந்து போய்க் கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி வருது மாமா, தாழ்ப்பாளும் இருக்கு" என்றாள். எனக்கு அது தோன்றியே இருக்காது.

இரண்டாவது கல்லூரியில் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். வகுப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். திரும்பும்போது நான் எதுவும் கேட்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து, அவளாகவே வந்து, "எனக்கு மொதல்ல பாத்ததுதான் மாமா புடிச்சிருக்கு, அங்க கணக்கு எடுக்கேன்" என்றாள். 2023-இல் சேர்ந்து கணிதம் படித்தாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது. ரயில் சீசன் டிக்கெட்டும் புத்தகச் செலவும் அதிலேயே முடிந்தன.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். அவன் அரசு உதவி பெறும் பள்ளியில் படிப்பதால், தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவனுக்குக் கிடையாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முதலே அவன் இத்தகைய பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு உரியவன் ஆவான். பள்ளியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் என்பதால் அவனுக்கு முன்னால் உள்ள கதவுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நம் பக்கத்தில் மருத்துவம் இல்லையென்றால் பொறியியல், பொறியியல் இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரி என்று பேசிப் பழகிவிட்டோம். வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டில் இவற்றுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆனால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் வேண்டும். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாம், பிள்ளையின் படிப்பு என்று வந்தால் மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. வெளியூர் போகவே கூடாது என்பதில்லை. வெளியூரில்தான் மலரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதற்கான காரணம் பிள்ளையிடம் இருக்க வேண்டும், உறவினரிடம் இருக்கக் கூடாது.

கலை அறிவியல் என்று முடிவானால் ஒன்றைக் கவனியுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில், ஒரே வளாகத்தில் ஒரே பெயரில், அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு நடக்கும். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பொறியியல் என்றால், மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படும்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. 2018 முதல் கலந்தாய்வு இணைய வழியில் நடப்பதால் சென்னைப் பயணம் இல்லை. விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், எளிதில் கிடைப்பதை முதலில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் பயம். அவன் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். ஆகவே உண்மையில் மிகவும் விரும்புவதை முதலில் போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. எளிதில் கிடைப்பதை மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். பிரவுசிங் சென்டரில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வராமல், பட்டியலை மகனே தன் கையால் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

படிப்பின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகளில், நாக் (NAAC) தரும் சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது, என்.பி.ஏ. (NBA) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. எனவே பொறியியலில் அவன் சேரும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. விளம்பரப் பலகையில் உள்ள வேலைவாய்ப்பு எண்ணிக்கையைவிட நான் அதையே நம்புவேன்.

சேர்க்கை நாளன்று மதிப்பெண் சான்றிதழின் அசலைச் சரிபார்ப்பதற்காக மட்டுமே கொடுத்து, அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. "எல்லாரும் கொடுத்துட்டுத்தான் போயிருக்காங்க" என்பார்கள். அந்த அறிவிப்பின் ஒரு நகலை மடித்துப் பையில் வைத்திருங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும், எதற்காக வாங்கினார்கள் என்று எழுதிய ரசீது இல்லாமல் நகராதீர்கள்.