கவிதைக்கு மட்டும் ஒரு நூலகமா?

கவிதைக்கென்று தனி நூலகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் பொயட்ரி லைப்ரரியைப் பாருங்கள். கவிஞர் டெஸ்ஸா ரான்ஸ்ஃபோர்டின் முயற்சியில் 1984இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் ஆங்கிலம், ஸ்காட்ஸ், கேலிக் என்று மூன்று மொழிகளில் கவிதை எழுதுகிறார்கள். சின்னப் பதிப்பகங்கள் போடும் ஒல்லியான தொகுப்புகள் சில மாதங்களில் கடைகளிலிருந்து காணாமல் போய்விடும். இங்கே இரவலுக்குக் கிடைக்கும். எழுதுகிறவர்களுக்குப் பட்டறை, வாசிப்புக் கூட்டம் எல்லாம் உண்டு.

எனக்குப் பிடித்தது வேறு. படிப்பு முடித்து வரும் புது டாக்டர்களுக்குப் பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் அளவில் ஒரு கவிதைத் தொகுப்பு தருகிறார்கள், 2014இலிருந்து. அப்புறம், 2011இல் யாரோ காகிதத்தில் செதுக்கிய குட்டி மரத்தை அங்கே வைத்துவிட்டுப் போனார். பெயர் மட்டும் சொல்லவில்லை.