மேனேஜர் எந்தப் போரில் தோற்றார்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மேனேஜர், கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்ததும் வீடியோ மீட்டிங்கில் "ஐ ஆம் லூஸிங் த பேட்டில் ஆஃப் த பல்ஜ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பிறகு இணையத்தில் தேடினால் பனியில் நிற்கும் டாங்கிகளாக வருகின்றன. அவர் என்னதான் சொன்னார்? இதை நானும் ஆபீஸில் சொல்லலாமா?

பதில்: உங்கள் மேனேஜருக்குத் தொப்பை போட்டுவிட்டது, அவ்வளவுதான். லீவில் கேக்கும் வறுவலுமாகப் போயிருக்கும். வாயைக் கட்டிப் பார்க்கிறார், இடுப்பு அசைந்துகொடுக்கவில்லை. நம் ஊர்க்காரர் என்றால் "தொப்பையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன் சார், இறங்க மாட்டேங்குது" என்றிருப்பார்.

இணையம் காட்டிய டாங்கிகளும் சரியானவைதான். நகைச்சுவையே அங்கிருந்துதான் வருகிறது. 1944 டிசம்பர் 16 அதிகாலையில், பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லையை ஒட்டிய ஆர்டென் காட்டுப் பகுதியில் ஜெர்மன் படை திடீரென்று பாய்ந்தது. மியூஸ் ஆற்றைத் தாண்டி ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடித்து, அமெரிக்கப் படையையும் பிரிட்டிஷ் படையையும் இரண்டாக வெட்டிவிடுவது ஹிட்லரின் கணக்கு. வடக்கிலும் தெற்கிலும் அமெரிக்கர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் மட்டும் போர்முனைக் கோடு பின்வாங்கியது. வரைபடத்தில் பார்த்தால், கோட்டின் நடுப்பகுதி மேற்கே பார்த்து உப்பிக்கொண்டு நிற்கும். ராணுவத்தார் அதை சேலியன்ட் என்பார்கள். பத்திரிகைகளுக்கு அது ஒத்துவரவில்லை. பல்ஜ் என்று எழுதின, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் இன்றும் ஆர்டென் போர் என்றுதான் சொல்கிறார்கள்.

பல்ஜ் என்றால் எதுவாக இருந்தாலும் உப்பி நிற்பது. சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிற்றுக்கும் அதே வார்த்தைதான். அதனால் போரின் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தூக்கி இடுப்பில் வைத்துவிட முடிந்தது. ஃபைட்டிங், லூஸிங், வின்னிங் என்று போருக்குரிய வினைகளெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிரிட்டனில் இதற்கு ஒரு தம்பி உண்டு: ஃபைட் த ஃப்ளாப். எழுபதுகளில் பிபிசி வானொலியில் டெர்ரி வோகன் நேயர்களை உடற்பயிற்சி செய்யவைத்த பகுதிக்கு அதுதான் பெயர். ஃப்ளாப் என்பது தொளதொளத்த சதை. அதில் மோனை இருக்கிறதே தவிர வரலாறு இல்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

புரியாமல் சிரித்து வைத்தேன் என்று சங்கடப்பட வேண்டாம். அதே போரிலேயே இப்படி ஒன்று நடந்தது. பாஸ்டோன் என்ற ஊரில் சுற்றி வளைக்கப்பட்ட அமெரிக்கப் படையிடம் டிசம்பர் 22 அன்று ஜெர்மானியர்கள் சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். ஜெனரல் மெக்காலிஃப் எழுதி அனுப்பிய பதில் ஒரே ஒரு வார்த்தை: நட்ஸ். கடிதம் கொண்டுவந்த ஜெர்மன் அதிகாரிகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சம்மதமா இல்லையா என்று கேட்டார்கள். பதிலைக் கையில் கொடுத்த கர்னல் ஹார்ப்பர், "நரகத்துக்குப் போங்கள் என்று அர்த்தம்" என்று விளக்க வேண்டியதாயிற்று. நான்கு நாளில் இன்னொரு அமெரிக்க ஜெனரலான பேட்டனின் படை வந்து முற்றுகையை உடைத்தது.

இனி, நீங்கள் சொல்லலாமா? உங்கள் வயிற்றைப் பற்றி என்றால் தாராளமாக. இது தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளும் பேச்சு. "ஐ ஆம் ஃபைட்டிங் த பேட்டில் ஆஃப் த பல்ஜ்" என்று சொல்லி பிரவுனியை ஒதுக்கலாம், யாருக்கும் மனம் நோகாது. அடுத்தவரைப் பார்த்து "ஆர் யூ லூஸிங்?" என்று கேட்டீர்களோ, விஷயம் வேறு. "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே" என்று நம் வீடுகளில் அத்தை உரிமையோடு சொல்லலாம். அமெரிக்க ஆபீஸில் அடுத்தவர் உடம்பைப் பற்றிய பேச்சே கூடாது. மேனேஜரிடம் என்றால் சொல்லவே வேண்டாம். அவரே ஆரம்பித்தாலும் அவர் வயிற்றை விட்டுவிட்டு உங்கள் வயிற்றைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் பழைய தலைமுறையின் ஜோக். டீமில் இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் உங்களைப் போலவே விழிக்கக்கூடும். அந்தப் போரில் அமெரிக்கர்கள் மட்டுமே ஏறத்தாழ 19,000 பேர் இறந்தார்கள். அப்படியும் அமெரிக்கர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் கிளையன்ட் பெல்ஜியத்துக்காரர் என்றால், அதுவும் ஆர்டென் பக்கத்து ஆள் என்றால், நானாக இருந்தால் வாயைத் திறக்கமாட்டேன். கிராமம் கிராமமாக நொறுங்கிப்போன பகுதி அது.

டாக்டரிடமும் வேண்டாம். நம் ஊரிலேயே முதுகுவலிக்காரர்கள் "டிஸ்க் பல்ஜ்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வயிற்றில் பல்ஜ் என்றால் டாக்டர் முதலில் குடலிறக்கத்தைத்தான் நினைப்பார். கர்ப்பிணியின் வயிற்றுக்கும் இது பொருந்தாது. அதற்கு பம்ப் (bump) என்ற தனி வார்த்தை இருக்கிறது. மாற்றிச் சொல்லிவிட்டால் சமாளிப்பது கஷ்டம்.

அடுத்த மீட்டிங்கில் அவர் மறுபடியும் தோல்வியை அறிவித்தால், "சேம் ஃப்ரன்ட், சேம் ரிசல்ட்" என்று உங்கள் வயிற்றைத் தட்டிக்காட்டுங்கள். கேமரா மட்டும் ஆனில் இருக்கட்டும்.