‘கவாசாகி’ என்பது கிருமியின் பெயரா?

மகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கவாசாகி, வாஸ்குலைட்டிஸ், ஐவிஐஜி’ என்று இருப்பதாக அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

கவாசாகி கிருமி இல்லை. 1967-இல் இந்நோயை விவரித்து எழுதிய ஜப்பானிய டாக்டரின் பெயர். வாஸ்குலைட்டிஸ் என்றால் ரத்தக்குழாய் அழற்சி. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பின் குழாய்ச் சுவரையே தாக்குகிறது. 5 நாள் விடாத காய்ச்சல், பீளை தள்ளாத சிவந்த கண், கோவைப்பழமாய் நாக்கு. அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில், அவித்த பனங்கிழங்குத் தோல் மாதிரி விரல்நுனி உரியும். எங்கள் வீட்டுப் பையனுக்கு உரிந்தபோது, ஆச்சி ‘அம்மை இறங்குது’ என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள்!

ஐவிஐஜி, பலர் தானம் தந்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற்றினால், இதயத் தமனி புடைக்கும் அபாயம் சுமார் 25 சதவீதத்திலிருந்து 5-க்கும் கீழே இறங்கும். சீட்டிலுள்ள எக்கோ (இதய ஸ்கேன்) தேதி அந்தப் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான், தவறவிடாதீர்கள்.