வீட்டு மிஷினில், ரோட்டரி கட்டர் இல்லாமல் பேட்ச்வொர்க் குவில்ட் தைக்க முடியுமா? என் பதில்

பேட்ச்வொர்க் குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. கேட்டவர் குன்னூர்க்காரர். வீட்டில் கறுப்புக் கால்மிஷின் இருக்கிறது, மூட்டை நிறைய ஜாக்கெட் பிட்டும் தையல்கடை வெட்டுத் துணியும் இருக்கின்றன. சதுரம் சதுரமாக வெட்டித் தைத்தால் மூலைகள் சேரவில்லை, ரோட்டரி கட்டரும் (துணி வெட்டும் சக்கரக் கத்தி) விலை உயர்ந்த மிஷினும் வாங்கியே ஆக வேண்டுமா என்கிறார்.

வேண்டாம். மூலை சேராததற்குக் கத்தரிக்கோல் காரணமில்லை. பிடிப்பு (துணி ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடம்) கால் இஞ்சில் நிற்கவில்லை, அதுதான் காரணம். "அந்தச் சாமான்கள் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்" என்று இதே கேள்விக்கு மேலே பதில் எழுதிய ஒருவர் பெரிய பட்டியல் போட்டிருக்கிறார். தையலையே தொழிலாகச் செய்கிற எனக்கு அது சுருக்கென்று குத்தியது, அதனால்தான் இவ்வளவு நீளம். ரோட்டரி கட்டர் இருந்தால் வேகம் கூடும், நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிப்பு தப்பினால் எந்தக் கட்டரும் காப்பாற்றாது.

கணக்கைப் பாருங்கள். 3½ இஞ்ச் சதுரம் மூன்றைக் கால் இஞ்ச் பிடித்துச் சேர்த்தால் 9½ இஞ்ச் வரவேண்டும். நீங்கள் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள் (8 நூல் ஒரு இஞ்ச்). ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டிலிருந்தும் அரை அரை நூல், ஆக ஒரு நூல் போகும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் சேர்த்த ஒரு கட்டத்தில் வரிசைக்கு இரண்டு இணைப்பு, எனவே 9½ வரவேண்டியது 9¼ ஆகிவிடும். அதற்குப் பக்கத்தில் சேர்க்க ஒரே துணியில் வெட்டி வைத்த முழுச் சதுரமோ 9½ ஆகவே இருக்கும். இரண்டையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஒன்று சுருங்கும், ஒன்று உப்பும். ஜாக்கெட்டில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும், இங்கே பொறுக்காது. ஜாக்கெட் நன்றாகத் தைப்பவர்கள்கூட குவில்டில் தடுமாறுவது இதனால்தான்.

மிஷின் பாதத்தின் ஓரத்தைக் கால் இஞ்ச் என்று நம்பி ஓட்டாதீர்கள், மிஷினுக்கு மிஷின் அது மாறும். ஸ்கேலைப் பாதத்துக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை சரியாகக் கால் இஞ்ச் கோட்டில் இறங்குமாறு செய்யுங்கள். ஸ்கேலின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே தட்டின் மேல் பிளாஸ்திரியை நான்கைந்து அடுக்கு ஒட்டுங்கள், துணி அதில் முட்டிக்கொண்டே நேராகப் போகும். துணியை நகர்த்தும் பல் மேல் ஒட்டிவிடாதீர்கள், துணி நகராது. பிறகு 1½ இஞ்ச் அகலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். ஒரு இஞ்ச் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் ஓர் இழை நகர்த்துங்கள். துணி மடங்கும் இடமே கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், கால் இஞ்சுக்கு ஓர் இழை குறைவாகப் பிடிப்பதுதான் உண்மையில் கால் இஞ்ச். இந்தச் சோதனை தேறும்வரை நல்ல துணியை வெட்டாதீர்கள்.

தையல் இஞ்சுக்கு 10 முதல் 12. பாப்ளினுக்கு 14 நம்பர் ஊசி போதும், மெல்லிய ரூபியா என்றால் 11 அல்லது 12. மேலே குறுக்குத் தையல் வந்து பூட்டிவிடும், அதனால் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டியதில்லை. கால்மிஷினை மாற்றவே மாற்றாதீர்கள். நேர்த்தையலுக்கு அதைவிட நல்லது கிடையாது, மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் ஓடும்.

இப்போது அளவு. 6 அடிக்கு 3 அடி கட்டிலுக்கு, 9 இஞ்ச் கட்டம் அகலத்தில் 5, நீளத்தில் 7, மொத்தம் 35. இதில் ஒன்பது சதுரம் சேர்த்த கட்டம் 18, வெறும் முழுச் சதுரம் 17, மாற்றி மாற்றி. நான்கு மூலையிலும் ஒன்பது சதுரக் கட்டமே விழும். சுற்றிலும் 6 இஞ்ச் கரைப்பட்டி வைத்தால் 57க்கு 75 இஞ்ச் ஆகும். 3½ இஞ்ச் சதுரங்கள் அடர்நிறத்தில் 90, வெளிர்நிறத்தில் 72 வேண்டும். உங்கள் வெட்டுத் துணி அத்தனையும் இதில் அடங்கும். எந்தப் பூப்போட்ட துணியும் பரவாயில்லை, ஆனால் அடர்வா வெளிர்வா என்று இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பிரிக்காமல் தைத்தால் கட்டம் தெரியாது, கலவரமாக இருக்கும்.

முழுச் சதுரம் 9½ இஞ்சில் வெட்ட 44 இஞ்ச் அகலத் துணி ஒன்றரை மீட்டர். கரைப்பட்டிக்கு ஒன்றேகால் மீட்டர். ஓரம் கட்ட அரை மீட்டர், அதில் 2½ இஞ்ச் பட்டை 7 வரும். அடித்துணி 3½ மீட்டர்: இரண்டாக வெட்டிக் குறுக்காக இணைத்தால் போதும், நீளவாக்கில் இணைக்கப் போனால் 4½ மீட்டர் கேட்கும். துண்டுத் துணி இல்லாமல் எல்லாமே புதிதாக வாங்கினால் அடர்நிறம் ஒரு மீட்டர், வெளிர்நிறம் முக்கால் மீட்டர். அப்போது சதுரமாக வெட்டவே வேண்டாம். 3½ இஞ்ச் நீளப்பட்டைகளை அடர், வெளிர், அடர் என்று சேர்த்து மூன்று, வெளிர், அடர், வெளிர் என்று சேர்த்து இரண்டு தையுங்கள். இஸ்திரி போட்டு, குறுக்கே 3½ இஞ்சுக்கு ஒன்றாக வெட்டி அடுக்கினால் கட்டம் தயார். பாதி வேலை மிச்சம்.

வெட்டும் அச்சுக்கு அட்டை வேண்டாம், பத்துப் பதினைந்து முறை கோடு போட்டதும் ஓரம் மழுங்கிவிடும். பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிக்கொள்ளுங்கள். பென்சில் கோட்டுக்கு உள்பக்கமாகக் கத்தரி ஓட வேண்டும், கோட்டின் தடிமனே அரை நூல் கூட்டும். சதுரத்தின் ஓரம் பாவு நூலுக்கு நேராக இருக்கட்டும். கிராஸாக (நூலுக்குச் சாய்வாக) வெட்டினால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் இழுத்துக்கொள்ளும்.

துணி எல்லாவற்றையும் முதலில் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இஸ்திரி போட்டு வெட்டுங்கள். மலையில் "காய்ந்துவிட்டது" என்று நினைக்கிற துணியில் ஈரம் இருக்கும். ஈரத்தோடு வெட்டினால் அளவு நிற்காது. சிவப்பு, கறுப்பு, கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் சேர்க்காதீர்கள். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். திருப்பூர் பனியன் துணியையும் கிரேப், பட்டு ஜாக்கெட் பிட்டையும் தனியே எடுத்து வையுங்கள். ஒன்று இழுபடும், மற்றது நழுவும். பருத்தியோடு சேர்த்தால் எல்லாக் கட்டமும் கோணும்.

இஸ்திரியில் ஒரு விதி. தையலை விரித்து அழுத்தாமல் அடர்நிறப் பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். அப்போது முதல் வரிசையில் மடிப்பு வெளிப்பக்கமும் இரண்டாம் வரிசையில் உள்பக்கமும் போகும். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் எதிரெதிராக வந்து ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்துவிட்டது தெரியும். பெட்டியை இழுத்துத் தேய்க்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள்.

கரைப்பட்டி நெளிந்து நிற்பது பலருக்கும் நேர்கிறது. ஓரத்தை அளந்து வெட்டுவதால் வருகிற வினை அது. தைத்த துணியின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கே பட்டியை வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தையுங்கள்.

அடுத்தது நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங். சமவெளியில் இருப்பவர்கள் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். பருத்தி பேட்டிங் தொடுவதற்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் நனைந்தால் கனக்கும், காய நாளாகும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி ஆடியிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் துவைத்தால் பூஞ்சை வாசம் வந்த பிறகுதான் காயும். நம் ஊருக்கு 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) பாலியெஸ்டர் பேட்டிங் சரி, இந்த அளவுக்குச் சுமார் 400 கிராம் வரும். 200க்கு மேல் போனால் வீட்டு மிஷின் பாதத்துக்கு அடியில் எளிதில் நுழையாது. ஒரே எச்சரிக்கை, கணப்பு அருகில் போர்த்திக்கொண்டு உட்காராதீர்கள். பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகி ஓட்டை விழும். பழைய மெல்லிய கம்பளியை நடுவில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஏற்கெனவே பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்ததாக இருக்க வேண்டும், பிறகும் வெந்நீர் காட்டக் கூடாது. இலவம் பஞ்சு மெத்தைக்கு நல்லது, இதற்கு ஆகாது. உதிரியாக இருப்பதால் மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும்.

மூன்று அடுக்கையும் சேர்க்க, அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே பேட்டிங், அதற்கு மேல் கட்டத்துணி. கீழிருக்கும் இரண்டும் சுற்றிலும் 3 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். 4 இஞ்சுக்கு ஒன்றாக ஸேஃப்டி பின் குத்துங்கள், அல்லது கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் நீள நூலோட்டம்) போடுங்கள். உடனே தைக்கப் போவதில்லை என்றால் கச்சாதான் நல்லது. மழை மாதத்தில் பின் துருப்பிடித்துவிடும், துருக்கறை போகாது.

நடுவிலிருந்து வெளியே என்றுதான் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குவிந்து மடிப்பு விழும். மிஷினில் என்றால் பாத அழுத்தத்தைக் குறைத்து, தையலை இஞ்சுக்கு 8 ஆக்கி, கட்டங்களின், அவற்றுக்குள் இருக்கும் சிறு சதுரங்களின் இணைப்புக் கோட்டிலேயே ஓட்டுங்கள். முழுச் சதுரத்தில் குறுக்கே இரண்டு கோடு கூடுதலாக வேண்டும். 4 இஞ்சுக்கு மேல் வெற்றிடம் விட்டால் துவைக்கத் துவைக்கப் பேட்டிங் நகரும். கையால் போடுபவர்கள் 9 அல்லது 10 நம்பர் குட்டை ஊசி, நடுவிரலில் திம்பிள், நூலோட்டம் இஞ்சுக்கு ஆறேழு. ஊசிக்கு வெளியூர்ப் பெயரைத் தேட வேண்டாம், போனி ஊசி நம் நீலகிரிக் கேத்தியில் 1949இல் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்குதான்.

சாமான் வாங்க மே மாதத்தில் மட்டும் ஊட்டிக்குப் போகாதீர்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, நெரிசல் தீர்ந்துவிடும் என்றார்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் தேவையில்லை என்று எங்களுக்குச் சலுகையும் உண்டு. சலுகையை வைத்துக்கொண்டு நானும் அதே வண்டி வரிசையில்தான் நிற்கிறேன். சீசன் கடைகளில் "கையால் தைத்த குவில்ட்" என்று விற்பதில் பல, கட்டம் போல அச்சடித்த ஒரே துணி. திருப்பிப் பாருங்கள், மேலே நூறு துண்டு தெரியும், பின்னால் நான்கு கோடு தையல் இருக்கும். அந்த விலையைக் காட்டி என்னிடம் பேரம் பேசுகிறார்கள்.

இதைத் "தோடர் டிசைன்" என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன், அல்ல. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் சால்வை பூத்துக்குளி, அதில் வருவது இழை எண்ணிப் போடும் பூவேலை, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இது வெட்டிச் சேர்த்துத் தைக்கும் வேலை. பழைய பூத்துக்குளியைத் துண்டாக்கி இதில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கெட்ட வார்த்தையில்தான் வரும்.

ஓரம் கட்டுவது: 2½ இஞ்ச் பட்டைகள் ஏழையும் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பக்கத்தில் கால் இஞ்ச் பிடித்துத் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, மறுபடி நேர் கீழே மடக்கி அடுத்த பக்கத்தை ஆரம்பியுங்கள். பின்பக்கம் கையால் எம்மிங். முதல் துவைப்பில் போர்வை கொஞ்சம் சுருங்கிப் புடைக்கும், அதுதான் அழகு, பயப்பட வேண்டாம்.

முக்கோணத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். பொறுக்கவில்லை என்றால் 4 இஞ்ச் சதுரம் இரண்டை, அடர் ஒன்று வெளிர் ஒன்று, முகம் பார்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும், 3½ இஞ்சுக்குச் சீவிக்கொள்ளுங்கள். முக்கோணமாக முதலில் வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், கிராஸ் ஓரம் இழுத்துக்கொள்ளும். வேறு அளவு வேண்டுமானால் கீழே கேளுங்கள், கட்டில் அளவையும் துணி அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.