சேமிக்கும்போது உறையும் திரை

கேள்வி: விம் எடிட்டரில் பைத்தான் நிரல் எழுதுகிறேன். கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தொடரியல் சோதிக்கும் சின்டாஸ்டிக் பிளகின் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்), சில நொடிகள் திரையை உறைய வைக்கிறது. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. சின்டாஸ்டிக்கானது பைலின்ட் போன்ற, பைத்தான் பிழைகளைத் தேடும் சோதனைக் கருவியை ஓட்டிவிட்டு, அது முடியும்வரை எடிட்டரையும் காக்க வைக்கும். 2016 செப்டம்பரில் வெளியான விம் 8, வெளி நிரல்களைப் பின்னணியில் ஓட்டும் வசதியைத் தந்தது. அதைப் பயன்படுத்திப் பிழை சோதிக்கும் ஏ.எல்.இ. பிளகினுக்கு மாறுவதே நல்லது. தட்டச்சு நின்று 200 மில்லிநொடி கழிந்த பின்னரே அது சோதனையைத் தொடங்கும் என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சோதனை என்ற வீண்வேலை நிகழாது.

நீங்களே பிளகின் எழுதுவதானால், தாமதமாக வரும் விடையில்தான் சிக்கல். எடுத்துக்காட்டாக, 42ஆம் வரியில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. சோதனை முடிவதற்குள் மேலே இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டீர்கள். பிழையோ இப்போது 44ஆம் வரியில் இருக்க, பிளகின் 42ஐயே சுட்டும். ஆகவே, சோதனை தொடங்கியபின் உரை மாறியிருந்தால் அந்த விடையைத் தயங்காமல் தள்ளிவிட்டு, மீண்டும் சோதிக்கச் செய்யுங்கள். பைலின்ட் ஆழமாக அலசுவதால் மெதுவானது. அதைச் சேமிக்கும்போது மட்டும் ஓட்டினால் போதும், தட்டச்சின் நடுவே அதைவிட வேகமான ஃபிளேக்8 என்ற சோதனைக் கருவி தாராளம்.