கணவரின் கோபம், மனைவியின் களைப்பு: இரண்டையும் பார்க்க வேண்டும்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மில் வேலை போனதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்; குடிக்காமல் படுப்பதில்லை. அழுவதோ புலம்புவதோ கிடையாது. இது மனச்சோர்வா, வெறும் கோபமா? நான் வேலைக்கும் போய், படுக்கையில் இருக்கும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி. அது களைப்புதான்.
- வாசகி, கோவை

பதில்: மனச்சோர்வாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆண்கள் பலருக்கு அது எரிச்சலாக, குடியாக, ஆட்களைத் தவிர்ப்பதாகத்தான் வெளியே தெரியும். வேலையோடு சம்பளம் மட்டுமா போனது? காலையில் கிளம்ப ஒரு காரணம், டீக்கடையில் பேச நாலு பேர், வீட்டில் ஒரு மதிப்பு, எல்லாமே போயிருக்கிறது. மனச்சோர்வு கண்டறியப்படுவது பெண்களிடம்தான் அதிகம். ஆனால் இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அவர் அழவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். மறுநாள் மனம் இன்னும் தாழும், மறுபடி குடிக்கத் தோன்றும். அதற்காக, தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சரி, இப்போது உங்கள் விஷயம். உங்களைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். வெளி வேலை, வீட்டு வேலை, நோயாளியைக் கவனிப்பது எல்லாம் ஒருவர் தலையில் விழுந்து, தூக்கமும் கெட்டு, மனம்விட்டுப் பேச ஆளும் இல்லாதபோது பெண்கள் பலருக்கு மனச்சோர்வு உடம்பு வலியாகவும் தொடங்கலாம். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மாமியாரைக் கவனிக்க நாத்தனாரையோ கொழுந்தனாரையோ முறை வைத்து வரச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் தவறே இல்லை.

“உங்களுக்கு மனநோய்” என்று அவரிடம் ஆரம்பித்தால் வரமாட்டார். “ரெண்டு பேருக்குமே தூக்கமில்லைங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவே போதும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை காலையில் வெயிலில் அரைமணி நேரம் அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.

“இருந்து என்ன பயன்” என்பதுபோல ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.